கைமாறிய பொறுப்பு: வல்லரசின் வெளியுறவுக் கொள்கையும் மதப் பயங்கரவாதமும்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

வல்லரசு ஒன்று தன் படையை அனுப்பாமல், தொலைவிலுள்ள நாட்டின் குழுக்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துப் போர் நடத்துவது பனிப்போர்க் காலத்தில் நடைமுறையாக இருந்தது. அங்கோலா, நிகராகுவா, ஆப்கானிஸ்தான் எனப் பல நாடுகள் அப்படிப்பட்ட போரைக் கண்டன. இவற்றுள் ஆப்கானிஸ்தானில் மூண்ட போர், முடிந்த பிறகும் பல நாடுகளில் மதத்தின் பெயரால் குண்டுகள் வெடிக்கக் காரணமாக இருந்தது. இந்தியாவில் அதன் சுமை முதலில் விழுந்தது காஷ்மீரின் மேல். பிறகு தில்லி, மும்பை. பின்னாளில் கேரளத்தின் சில குடும்பங்களும் அதில் சிக்கின.

அவையோரே, இதற்கு இரண்டு விளக்கங்கள் பரவலாகப் புழங்குகின்றன. ஒசாமா பின் லேடனை அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. உருவாக்கியது என்பது ஒன்று. இதற்குச் சான்று இல்லை. பின் லேடனும் அவரோடு வந்த அரபு இளைஞர்களும் வளைகுடாச் செல்வர்களின் நன்கொடையில் இயங்கினார்கள். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையமும் 2004-ல் அதையே சொன்னது. எல்லாம் மதநூலின் வேலை என்பது மற்றொன்று. அந்த நூல் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வந்தது 1980-களின் இறுதியில். இந்த இடைவெளிக்கு அந்த விளக்கத்தில் பதில் கிடையாது.

இவ்வுரை நிறுவ முயல்வது இதுதான்: வல்லரசு எவ்வளவு ஆயுதம் கொடுக்கிறது என்பதைவிட, அதை யாருக்குப் பங்கிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை யாரிடம் விடுகிறது என்பதே பின்விளைவைத் தீர்மானிக்கிறது. பொறுப்பேற்ற இடைத்தரகர் தம் நோக்கத்துக்கு உகந்த குழுவை வளர்க்கிறார். போர் முடிந்ததும் வல்லரசு ஊர் திரும்புகிறது. தரகரும் குழுவும் ஆயுதமும் அங்கேயே தங்கிவிடுகின்றனர். அவற்றோடு வாழ வேண்டியவர்கள் அக்கம்பக்கத்து நாட்டு மக்கள்.

1. பங்கீடு

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. அதுவும் ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கைதான். அந்தப் படையெடுப்பு இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் இல்லை. முப்பது லட்சம் பேருக்கு மேல் எல்லை கடந்து பாகிஸ்தானில் அகதிகளானார்கள். அமெரிக்க அதிபர் கார்ட்டர் 40 கோடி டாலர் உதவி தருவதாகச் சொன்னபோது பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் அதை அற்பத் தொகை என்று தள்ளிவிட்டார். 1981-ல் ரீகன் அரசு ஆறாண்டுகளுக்கு 320 கோடி டாலர் தர இசைந்தது. எஃப்-16 விமானங்களை விற்கவும் ஒப்புக்கொண்டது. ஆப்கான் போராளிகளுக்கான ரகசிய உதவி இதில் சேராது. அது 1980-ல் ஆண்டுக்கு 2 முதல் 3 கோடி டாலராகத் தொடங்கி, 1987-ல் 63 கோடியை எட்டியது. டாலருக்கு டாலர் சவூதி அரேபியாவும் கொடுத்தது.

ஜியா ஒரு நிபந்தனை வைத்தார். அமெரிக்கர்கள் போராளிகளை நேரடியாகக் கையாளக் கூடாது. சரக்கு பாகிஸ்தான் மண்ணை மிதித்ததும் அது பாகிஸ்தான் உளவுத்துறையான ஐ.எஸ்.ஐ.யின் பொறுப்பு. வாஷிங்டனுக்கும் அது வசதியாகவே இருந்தது. சோவியத் ஒன்றியத்தோடு நேரடி மோதல் என்ற பேச்சு எழாது. கேள்வி வந்தால் கை விரிக்கலாம். ஆயுதங்கள் கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் ராவல்பிண்டி, குவெட்டா, பெஷாவர் என்று போயின. எந்தப் பெட்டி எந்தக் கட்சிக்கு என்பதைத் தீர்மானித்தவர்கள் பாகிஸ்தான் ராணுவ அதிகாரிகள்.

பெஷாவரில் ஆப்கான் கட்சிகள் எத்தனையோ முளைத்தன. பாகிஸ்தான் ஏழு கட்சிகளை மட்டுமே அங்கீகரித்தது. மன்னராட்சி ஆதரவாளர்கள், பழங்குடித் தலைவர்கள், மதச்சார்பற்ற தேசியவாதிகள் ஆகியோர் தனித்து இயங்க வழியில்லாமல் போயிற்று. அகதி முகாமில் ரேஷன் வாங்கவே அந்த ஏழில் ஒன்றில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். கோதுமை மாவுக்காக ஒரு குடும்பத் தலைவர் எந்தக் கட்சியில் பெயர் கொடுத்தாரோ, அந்தக் கட்சியின் துப்பாக்கிதான் அவருடைய மகன் கைக்கு வந்தது. மதப் பயங்கரவாதத்தின் வேர் பற்றிய ஆய்வுகளில் இந்த ரேஷன் பதிவேட்டுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. கருத்துப் பிரச்சாரத்தைவிட அது வலுவாக வேலை செய்தது.

ஏழு கட்சிகளில் பெரும்பங்கு குல்புதீன் ஹெக்மத்யாரின் ஹிஸ்ப்-இ-இஸ்லாமிக்குப் போனது. அவர் 1970-களின் நடுவிலிருந்தே பாகிஸ்தானின் ஆதரவில் இருந்தவர். எதிரிகளோடு மட்டுமன்றிச் சக போராளிகளோடும் மோதியவர். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் சோவியத் படையைத் திரும்பத் திரும்பத் தடுத்து நிறுத்திய அகமது ஷா மசூதுக்குக் கிடைத்தது சொற்பம். போர்த்திறன் மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் பங்கு வேறு மாதிரி விழுந்திருக்கும். பாகிஸ்தானின் அளவுகோல் வேறு. காபூலில் தன் சொல் கேட்கும் ஆட்சி வர வேண்டும். பஷ்தூன் தேசியவாதம் தலை தூக்கக் கூடாது. இந்தியாவுக்கு எதிராகப் பிற்பாடு பயன்படும் ஆட்கள் உருவாக வேண்டும். இந்த மூன்றுக்கும் தீவிர மதக்கட்சிகளே ஏற்றவையாக இருந்தன.

1988 ஏப்ரல் 10 காலை ராவல்பிண்டிக்கும் இஸ்லாமாபாதுக்கும் இடையிலிருந்த ஓஜ்ரி முகாம் வெடித்தது. ஆப்கான் போருக்காகச் சேர்த்து வைத்திருந்த ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் தீப்பிடித்து நாலாபக்கமும் பறந்து, இரு நகரங்களின் தெருக்களிலும் வீடுகளிலும் விழுந்தன. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். காரில் போய்க்கொண்டிருந்த முன்னாள் மத்திய அமைச்சர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். விசாரணைக்கு உத்தரவிட்ட பிரதமர் ஜுனேஜோவை அடுத்த மாதமே ஜியா பதவி நீக்கினார். ஜனநாயக முறையில் கணக்குக் கேட்கக்கூடிய அமைப்பு தரகர் நாட்டில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அப்படி ஓர் அமைப்பு இல்லாததுதான் வல்லரசுக்கும் அந்தத் தரகர் வசதியாக இருந்ததன் காரணம்.

2. பாடநூல்

ஆயுதத்தைப் போலவே அகதி முகாம்களுக்குப் புத்தகமும் போனது. அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு, 1984 முதல் 1994 வரை ஒமாஹாவிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் தாரி, பஷ்தோ மொழிகளில் பள்ளிப் பாடநூல்கள் தயாராயின. சின்னஞ்சிறு பிள்ளைகள் எண்ணிப் பழகுவதற்குத் துப்பாக்கி, தோட்டா, கண்ணிவெடி ஆகியவற்றின் படங்கள். நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்றில், கலாஷ்னிகோவ் தோட்டா நொடிக்கு எத்தனை மீட்டர் போகும் என்று சொல்லிவிட்டு, ஒரு முஜாஹித் ரஷ்யச் சிப்பாய் ஒருவனின் தலையைக் குறி பார்க்கிறான், இடையில் இத்தனை மீட்டர் தூரம், தோட்டா நெற்றியைத் தொட எத்தனை நொடி ஆகும் என்று கேட்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை வகுத்துப் பார்த்து விடை எழுத வேண்டும்.

சோவியத் படை போன பிறகும் வேறு புத்தகம் இல்லாததால் அவை பள்ளிகளில் நீடித்தன. தாலிபான்கள் அவற்றிலிருந்த மனித முகங்களை அழித்தார்கள். துப்பாக்கிப் படங்களை விட்டு வைத்தார்கள். ஆயுத உதவியைப் பனிப்போரின் கட்டாயம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். குழந்தையின் கணக்குப் புத்தகத்துக்கு அந்த நியாயம் எட்டாது.

3. வெளியேற்றமும் காஷ்மீரும்

1988 ஏப்ரல் 14 அன்று ஜெனிவா உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் சிப்பாயும் ஆமு தாரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து போனார். வாஷிங்டனின் குறிக்கோள் நிறைவேறிவிட்டது. 1990 அக்டோபரில், அணு ஆயுதத் திட்டத்தைக் காரணம் காட்டி, பிரெஸ்லர் திருத்தத்தின்படி பாகிஸ்தானுக்கான உதவியை அமெரிக்கா நிறுத்தியது. 1992 தொடங்கியதும் ஆப்கான் குழுக்களுக்கான உதவியும் நின்றது. அதுவரை யாருக்கு எவ்வளவு போயிற்று, எது எங்கே இருக்கிறது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஒரே விதிவிலக்கு ஸ்டிங்கர் ஏவுகணை. விமானத்தை வீழ்த்தக்கூடிய அது தன் விமானத்தின் மீதே திரும்பலாம் என்ற அச்சத்தால், சி.ஐ.ஏ. பணம் கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்க முயன்றது. தன்னைத் தாக்கக்கூடிய ஆயுதத்தைத் தேடியது. அண்டை நாட்டைத் தாக்கக்கூடிய லட்சக்கணக்கான துப்பாக்கிகளைத் தேடவில்லை.

அதே வேளையில் காஷ்மீரில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1987 மார்ச் சட்டமன்றத் தேர்தலில் பெரும் முறைகேடு நடந்தது. வாக்குச் சீட்டில் நம்பிக்கை வைத்து முஸ்லிம் ஐக்கிய முன்னணிக்கு உழைத்த இளைஞர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் பின்னர் எல்லை தாண்டினார்கள். இந்தக் குற்றம் முழுக்க இந்தியாவினுடையது. எந்த வல்லரசின் மீதும் அதைப் போட முடியாது. ஆனால் எல்லை தாண்டிய இளைஞன் 1970-களில் போயிருந்தால் அங்கே கண்டிருக்கக்கூடியவை மிகக் குறைவு. 1988-ல் போனவனுக்குப் பத்தாண்டுப் பழக்கமுள்ள பயிற்சி முகாம், தேர்ந்த பயிற்சியாளர், குவிந்த ஆயுதம், வந்து போகும் பாதை, பணம் கைமாறும் வழி எல்லாம் ஆயத்தமாக இருந்தன.

தரகர் அங்கேயும் தன் பழைய பங்கீட்டு முறையைக் கையாண்டார். தொடக்கத்தில் முன்னணியில் இருந்தது ஜம்மு காஷ்மீர் விடுதலை முன்னணி. அது தனிநாடு கேட்டது, மதஆட்சி கேட்கவில்லை. பாகிஸ்தானுடன் இணைவதைக் கேட்ட ஹிஸ்புல் முஜாஹிதீனுக்கு ஐ.எஸ்.ஐ.யின் ஆதரவு திரும்பியது. சில ஆண்டுகளில் விடுதலை முன்னணி ஓரங்கட்டப்பட்டது. அதன் பின் ஆப்கான் போருக்கென்றே தோன்றிய குழுக்கள் வந்தன. ஹர்கத்-உல்-ஜிஹாத்-அல்-இஸ்லாமியும் ஹர்கத்-உல்-முஜாஹிதீனும் 1993-ல் ஹர்கத்-உல்-அன்சார் என இணைந்தன. லஷ்கர்-இ-தொய்பாவின் தாய் அமைப்பும் ஆப்கான் போரின்போது பிறந்ததுதான். காஷ்மீரிகளின் அரசியல் குறை இப்படி மதப் பயங்கரவாதமாக உருமாறியதில், பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்துப் பண்டிதர்களும் அங்கேயே இருந்துவிட்ட முஸ்லிம்களும் சேர்ந்தே அழிந்தார்கள்.

1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டதற்குப் பதிலடியாக, அமெரிக்கா ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதி முகாம்கள் மீது ஏவுகணை வீசியது. ஜலாலுதீன் ஹக்கானி சோவியத் எதிர்ப்புப் போரின்போது அமெரிக்க, பாகிஸ்தானிய உதவியோடு அந்தப் பகுதியில் தளம் அமைத்திருந்தார். அன்று இறந்தவர்களில் காஷ்மீருக்கு அனுப்புவதற்காகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஹர்கத்துக்காரர்களும் உண்டு. அடுத்த ஆண்டு, 1999 டிசம்பர் 24 அன்று, காட்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்த ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியே தாலிபான் பிடியிலிருந்த காந்தகாரில் இறங்கியது. பயணிகளுக்கு ஈடாக விடுவிக்கப்பட்ட மசூத் அஸார் அடுத்த ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமதைத் தொடங்கினார்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா அதே தரகரிடமே திரும்பிப் போனது. ஆப்கானிஸ்தானிலுள்ள தன் படைக்குச் சரக்கு பெரும்பாலும் கராச்சி வழியாகவே போக வேண்டியிருந்ததால் இஸ்லாமாபாதைப் பகைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த 15 ஆண்டுகளில் 3,300 கோடி டாலர் வரை பாகிஸ்தானுக்குப் போயிற்று. 2008 நவம்பரில் லஷ்கர்-இ-தொய்பாவின் தாக்குதலில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். இலக்குகளை வேவு பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லி, முன்பு அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறைக்குத் துப்புக் கொடுத்தவர். 2011 மே மாதம் பின் லேடன் கொல்லப்பட்ட வீடு, பாகிஸ்தானின் ராணுவக் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

4. ஈராக்: கலைக்கப்பட்ட ராணுவம்

ஆப்கானிஸ்தானில் வல்லரசு விலகி நின்று தரகரை நம்பியது. ஈராக்கில் நேரே நுழைந்தது. 2003 மே மாதம், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். முதலாவது, பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. இரண்டாவது, ராணுவத்தையே கலைத்தது. ஆயுதம் கையாளத் தெரிந்த லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே வாரத்தில் வேலையும் மரியாதையும் இழந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர்தான் பின்னாளில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்புக்குப் படைத்தலைவர்களாகவும் உளவாளிகளாகவும் ஆனார்கள். அதன் தலைவர் அல் பக்தாதி 2004-ல் அமெரிக்கர்களின் புக்கா தடுப்பு முகாமில் இருந்தவர்.

பங்கீட்டுப் பிரச்சினை இங்கேயும் வந்தது. 2007 அளவில் அமெரிக்கா சன்னி பழங்குடிகளுக்குச் சம்பளம் கொடுத்து அல்-காய்தாவுக்கு எதிராகத் திருப்பியது. நல்ல பலன் கிடைத்தது. பிறகு அவர்களைப் பிரதமர் மாலிக்கியின் அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. அந்த அரசு அவர்களில் சிறுபகுதியினரையே பணியில் சேர்த்துக்கொண்டது. 2014 ஜூன் 10 அன்று மொசூல் ஐ.எஸ். வசம் வீழ்ந்தபோது தடுத்து நிற்க ஆளில்லை.

அந்த ஜூன் மாதம் கேரளத்தில் பல வீடுகளில் தொலைக்காட்சி அணையவே இல்லை. திக்ரித் மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூத்துக்குடிக்காரர், மற்றவர்கள் கேரளத்தவர். ஊரில் கல்விக்கடன் வாங்கிப் படித்து, ஏஜென்டுக்குப் பணம் கட்டி வேலைக்குப் போனவர்கள் அவர்களில் பலர். மொசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டு, ஜூலை 5 அன்று கொச்சியில் இறங்கினார்கள். மொசூலில் பிடிபட்ட பஞ்சாப் முதலிய மாநிலங்களின் கட்டுமானத் தொழிலாளர்கள் 39 பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் கொல்லப்பட்டது 2018 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. ஸ்ரீவராகத்திலிருந்து விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். அங்கிருந்து வளைகுடாவுக்குப் பறக்கும் தொழிலாளியின் உயிர், அவர் பெயர் கேள்விப்பட்டிராத அதிகாரி ஒருவர் பாக்தாதில் போட்ட கையெழுத்தோடு பிணைந்திருக்கிறது.

5. காசர்கோட்டிலிருந்து நங்கர்ஹார்

2016-ல் காசர்கோடு, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து பெண்கள், குழந்தைகள் உட்பட 21 பேர் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்துக்குப் போய் ஐ.எஸ். கிளையில் சேர்ந்தார்கள். அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், வசதியுள்ளவர்களும் இருந்தார்கள். எந்த வல்லரசும் அவர்களை அங்கே அனுப்பவில்லை. இணையவழிப் பிரச்சாரமும் சில உள்ளூர்ப் போதகர்களின் செல்வாக்கும் அவர்களை இழுத்தன. ஆகவே, வெளியுறவுக் கொள்கை என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முயல்வது பிழை. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த மலைப்பகுதியில் அப்படி ஒரு முகாம் இருந்ததற்கு நாற்பதாண்டு வரலாறு உண்டு. பாகிஸ்தான் பழங்குடிப் பகுதிகளில் வளர்ந்த போராளிகள் அங்கிருந்து விரட்டப்பட்டு எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள் வந்து தொடங்கியதே அந்தக் கிளை. 2017 ஏப்ரலில் அதே நங்கர்ஹாரின் அச்சின் பகுதியில் அமெரிக்கா தன்னிடமிருந்த அணு அல்லாத குண்டுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றை வீசியது.

6. இந்தியாவின் சொந்த அனுபவம்

இதுவரை சொன்ன இயக்கமுறைக்கு மதம் இன்றியமையாததா என்ற கேள்விக்குத் தமிழர்களின் அனுபவத்திலேயே பதில் இருக்கிறது. தெற்காசியாவில் இந்தியா வல்லரசு. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திய உளவுத்துறை ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. கொழும்பில் தமிழர்கள் எரிக்கப்பட்டதைக் கண்டு கொதித்த தமிழகம் அதை வரவேற்றது. அந்தக் கொதிப்பு நியாயமானது. பங்கீட்டில்தான் கோளாறு. தில்லிக்கு ஒரு விருப்பம், எம்.ஜி.ஆருக்கு விடுதலைப் புலிகள், கருணாநிதிக்கு டெலோ. போராளிகள் ஒருவரையொருவர் அழிக்கத் தொடங்கினார்கள். 1986-ல் டெலோவைப் புலிகள் ஒழித்துக்கட்டினார்கள். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை புலிகளோடு போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் அது திரும்புவதற்குள் சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள்.

புலிகள் மதஇயக்கம் அல்ல. தற்கொலைத் தாக்குதல்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் பேப், 1980 முதல் 2003 வரையிலான 315 தாக்குதல்களில் 76 அவர்களுடையவை என்று கணக்கிட்டார். வேறெந்த அமைப்பும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. மதம் இல்லாமலும் இது நடக்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது. மதம் சேரும்போது இரண்டு கூடுகின்றன: நாட்டெல்லை கடந்து ஆள் கிடைப்பதும், போர் முடிந்த பிறகும் நோக்கம் முடியாமல் இருப்பதும். ஈழப் போர் 2009-ல் அந்தத் தீவுக்குள்ளேயே முடிந்தது. ஆப்கானில் தொடங்கியது அப்படி முடியவில்லை.

7. மேற்பார்வை

இத்தகைய உதவியை மக்கள் பிரதிநிதிகள் கண்காணித்தால் போதும் என்று சொல்வதுண்டு. அமெரிக்கச் செனட் 1976-லும் பிரதிநிதிகள் சபை அதற்கடுத்த ஆண்டும் உளவுத்துறைக்கான நிரந்தரக் குழுக்களை அமைத்தன. ஆப்கான் உதவி அவர்களுக்குத் தெரிந்தே நடந்தது. டெக்சாஸ் உறுப்பினர் சார்லி வில்சன் போன்றவர்கள், உளவுத்துறை கேட்டதைவிட அதிகப் பணம் ஒதுக்கப் போராடினார்கள். எத்தனை சோவியத் ஹெலிகாப்டர் விழுந்தது என்று கேட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஹெக்மத்யாருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்கள் குரல் எடுபடவில்லை. கண்காணிப்புக் குழு பணத்தை எண்ணுவதோடு நிற்காமல் பெறுபவரின் பெயரையும் அவர் நோக்கத்தையும் விசாரித்தால்தான் பயன் உண்டு. அந்த விசாரணையில் அண்டை நாடுகளுக்கு வரக்கூடிய கேடும் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். செப்டம்பர் 11 ஆணையத்தின் பணிவரம்பில்கூடக் காஷ்மீர் இல்லை.

இந்தியாவில் அந்த அளவுக் குழுவும் கிடையாது. ஈழக் குழுக்களுக்குக் கொடுத்த பயிற்சி பற்றிய பொது விவாதம், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அமைந்த ஜெயின் ஆணையத்தின் வழியாகத்தான் நடந்தது. 1997-ல் வெளியான அதன் இடைக்கால அறிக்கை குஜ்ரால் அரசு கவிழக் காரணமாயிற்று. பயிற்சிக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்த அமளியில் அமுங்கிப்போனது. உளவு அமைப்புகளை நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவர மணீஷ் திவாரி 2011-ல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.